ஜூரி சொல்லாத காரணம்

வாஞ்சூர் எல்லைக்கு இந்தப் பக்கம், காரைக்காலில், ஒரு வேலி நிலம். அந்தப் பக்கம், நாகூரை ஒட்டி, இன்னொரு வேலி. இரண்டும் பாட்டன் வழிச் சொத்து. பிரெஞ்சுக் காலத்தில் இரண்டு வீட்டிலும் ஆண் பிள்ளை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். நாகூர்ப் பிள்ளைக்குப் பிறந்த அன்றே நிலத்தில் பங்கு உண்டு, மிதாட்சரம் அப்படி. காரைக்கால் பிள்ளைக்கோ அப்பன் கண்மூடும்வரை ஒரு குழிகூடக் கிடையாது. பிரெஞ்சிந்திய நீதிமன்றங்கள் இந்துக்களின் வழக்கம் என்று ஏற்றுக்கொண்ட விதி இது.

ஊர் வழக்கம் பாரிசில் படித்து வந்த நீதிபதிக்கு எப்படித் தெரியும்? 1819-இல் பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளை இங்கே நடைமுறைப்படுத்தியபோதே, இந்தியர்களின் வழக்குகளை அவரவர் வழக்கப்படி தீர்ப்பதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. அதற்காக 1827-இல் புதுச்சேரியில் இந்தியர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. நீதிமன்றம் கேள்வி அனுப்பும், குழு கருத்தை எழுதித் தரும், தீர்ப்பு நீதிபதியுடையது. அந்தக் கருத்துகளை லெயோன் சோர்க் 1897-இல் நூலாகவே அச்சிட்டார். நீதிமன்றத்துக்குள் ஊராரின் குரல் கேட்க வேண்டும் என்றால் உடனே ஜூரியை நினைக்கிறோம். என் கணக்கில், எழுதிவைத்த இந்தக் குரலே மேல்.

ஜூரி முடிவை மட்டும் சொல்லும். ஏன் என்று சொல்லாது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-இல் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் ஜூரி குற்றவாளிகள் என்றது. பிரிவி கவுன்சில்வரை போய்த் திரும்பிய அதே வழக்கில் 1947-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. எந்தச் சாட்சியை நம்பி ஜூரி அப்படி முடிவெடுத்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. நானாவதி மீதான கொலை வழக்கில் 1959-இல் எட்டுக்கு ஒன்று என்று ‘குற்றமில்லை’ வந்தபோதும் இதே மௌனம்தான். அந்த வழக்குதான் ஜூரியை ஒழித்தது என்பது பாதிக் கதை. முந்தைய ஆண்டே சட்ட ஆணையம் அதைக் கைவிடச் சொல்லியாயிற்று. 1973-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே தரப்படவில்லை.

குழுவில் இருந்தவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள்தானே, அவர்கள் வாயிலிருந்து வந்தது ஊர் வழக்கமா, மேல்தட்டு வழக்கமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குத்தகைக்காரரிடமோ பெண்களிடமோ கேட்டிருந்தால் வேறு வழக்கங்கள் தெரிந்திருக்கும். சாதி வழக்கே வேண்டாம் என்பவர்கள் அதைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் போக 1881-இல் ஓர் ஆணை தேவைப்பட்டதையும் மறக்கக் கூடாது. ஆனால் குழுவின் சாய்வை நாம் இன்று கண்டுபிடிக்க முடிவதே அது எழுதிவைத்ததால்தான். கலைந்துபோன ஜூரியின் சாய்வை எங்கே தேடுவது? குழு வழக்கத்தைச் சொன்னது, ஜூரி நடந்ததைச் சொன்னது, இரண்டையும் ஒப்பிடலாமா என்றால், வேலை வேறுதான். காரணம் சொல்லும் கடமை இரண்டுக்கும் ஒன்று.

இது பழங்கதை மட்டுமல்ல. 1962 நவம்பரில் காரைக்கால் சென்னை உயர் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே எட்டியது 1963 அக்டோபரில். அப்போதும் 1881 ஆணைப்படி துறந்தவர்களுக்கு விலக்கு. அந்தச் சட்டம் வருமுன் இறந்த தாத்தாவின் நிலத்துக்குப் பேரன்கள் பாகப்பிரிவினை கேட்டு வந்தால், அப்பனுக்கு முழு உரிமை இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. சோர்க்கின் தொகுப்பைப் பிரித்து, அதில் உள்ளதை ஏற்கவோ மறுக்கவோ இரு தரப்பு வழக்கறிஞர்களாலும் முடிகிறது.