ஈறும் இரும்பும்

பி.காம். படித்தவனுக்கு ஒரு பழக்கம் போகாது. எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு, பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிவிடுவான். எங்கள் அத்தையோ பற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்தாள். வந்தது வினை!

திருவையாறு பக்கம் அத்தை வீடு. பையனுக்கு வலிப்பு உண்டு. ஃபெனிடாய்ன் மாத்திரை புண்ணியத்தில் நாலு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் பல் ஈறு தடித்துவிட்டது. பெண் பார்க்கப் போகிற சமயம். "சிரிச்சா ஈறுதாண்டா முதல்ல தெரியுது" என்று அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

ஐந்தாம் நாள் வாய்க்கால் கரையில் விழுந்தான். நல்லவேளை, தண்ணீருக்குள் இல்லை. ஊரே இரும்போடு ஓடி வந்தது. பீரோ சாவி, அரிவாள், ஒருத்தர் கையில் சைக்கிள் பம்ப்பு! நான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் எதையும் திணிக்க விடவில்லை. ரெண்டு நிமிஷத்தில் தானாக நின்றது. நல்ல பேர் என்னவோ சாவிக்குத்தான்.

தஞ்சாவூர் டாக்டர் அத்தைக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "நரம்புல சோடியம் நுழைய மதகு இருக்கும்மா. வலிப்புல அதுங்க ஓயாம திறந்து திறந்து மூடும். ஃபெனிடாய்ன் அந்த மதகைக் கொஞ்ச நேரம் திறக்க விடாம பிடிச்சு வைக்கும். ஃபீனோபார்பிட்டால் வேற மாதிரி. 'போதும், நிறுத்து'ன்னு சொல்ற லஸ்கர் ஒருத்தன் மூளையில இருக்கான், பேரு காபா. அவன் கையை இது பலப்படுத்தும்."

"அப்ப ஈறு ஏன் டாக்டர் வீங்குது?"

"மாத்திரை 'மூளை, மேல் மாடி'ன்னு விலாசம் பார்த்துப் போறதில்லையே! ரத்தத்தோட உடம்பு பூரா சுத்துது."

தூக்கக் கலக்கம், அளவு கூடினால் தள்ளாட்டம் எல்லாம் வரலாமாம். உடம்பில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும். வால்ப்ரோயேட் என்ற மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். ஆகவே பெண்கள் கல்யாணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. எதுவானாலும் நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே உலை வைக்கும். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிதான். ஈறுக்கு? நன்றாகப் பல் தேய்க்கணும். தேவையானால் டாக்டரே மெள்ள மெள்ள மருந்தை மாற்றுவார்.

இந்துத் திருமணச் சட்டத்தில்கூட வலிப்பைக் கல்யாணத்துக்குத் தடையாக வைத்திருந்தார்கள். 1999ல் எடுத்தாயிற்று. அத்தை மனசிலிருந்து எடுக்கத்தான் இத்தனை வருஷம்.

கடைசியில் பெண் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டதாம்:

"ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"