படிப்போரை அறிந்து பத்திரிகை நடத்துதல்

நமது கலாசாலை ஆண்டு மலர் வெளிவருங்கால் மாணாக்கர் பலர் முதற்கண் நாடுவது யாது? தம் வகுப்பின் நிழற்படமே. அதில் தம் முகத்தைக் கண்டு மகிழ்ந்தபின் மலரை மூடிப் பெட்டியின் அடியில் வைத்துவிடுவர். தமிழ்ப் பகுதியின் தாள்கள் பிரிக்கப்படாமலே கிடத்தலை விடுதி அறைகளில் யாம் கண்டிருக்கின்றோம். இதற்கு மாணாக்கரது சோம்பலே காரணமெனப் பெரியோர் சிலர் கூறுவர். யாம் அங்ஙனம் கருதவில்லை. உண்பார் யாவர், அவர்தம் பசி எத்தன்மைத்து என வினவாமலே இலையிட்ட குற்றம் எழுதுவோராகிய எம்முடையதே.

1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர் செய்தது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர் சிறுவரோடு மணலில் அமர்ந்து தமிழெழுத்தைக் கற்றனர். தமிழர் பயிலும் ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1708-இல் அவற்றிற்கு ஓர் அட்டவணையும் வரைந்தனர். தரங்கம்பாடியில் தமிழ் நூல்கள் அச்சேறத் தொடங்கியதோ 1713-இல்தான். 1712 முதல் 1714 வரை, அவரும் அவர்தம் துணைவர் கிரண்ட்லரும் தமிழர் பலர்க்கு வினாக்கள் எழுதியனுப்பி விடைகளைப் பெற்றனர். அவற்றுள் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பெற்று அந்நாட்டில் அச்சேறின. கிறிஸ்தவரின் ஒழுக்கக்கேட்டைக் கடிந்துரைத்த விடைகளும் அவற்றுள் உண்டு. கேட்கத் துணிந்தவர் கசப்பானதையும் கேட்கவே வேண்டும்.

இனி, நம் மலரைப் படிப்போர் யாவர்? விடியலில் எழுந்து இரண்டு பேருந்து மாறி வருபவர் ஒருவர்; ஆய்வுக்கூடத்தில் மாலைவரை நிற்பவர் ஒருவர்; தம் குடும்பத்தில் முதன்முதற் கலாசாலை வாயிலை மிதித்தவர் ஒருவர்; தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் மற்றொருவர். தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாமோ, எம் ஆசிரியரது புன்முறுவல் ஒன்றையே கருதி எழுதுகின்றோம். அதனைப் பெற்றும் விடுகின்றோம். ஏனையோர் மலரை வைத்துவிட்டுக் கைபேசியை எடுக்கின்றனர்.

ஆதலின், கட்டுரை வேண்டி அறிவிப்பு ஒட்டுமுன் பத்திராதிபர் குழுவினர் படிப்போரை நாடிச் செல்லல் வேண்டும். "உமக்கு எத்தகைய கட்டுரை விருப்பம்?" என்று வினவுதல் பயனற்றது, கேட்பவர் உவக்கும் விடையையே எவரும் தருவர். "சென்ற மலரில் எதனை முற்றப் படித்தீர்? எவ்விடத்து நிறுத்தினீர்? இல்லத்தில் எவர்க்கேனும் காட்டினீரா?" என்று வினவுக. வினாத்தாள் வழங்குவதோடு அமையாது, மரத்தடியில் உடனமர்ந்து உரையாடுக. எக்காலத்தும் எழுதித் தாராதவரையே முதலில் வினவுக.

"மாணாக்கரைக் கேட்பின் சினிமாவையன்றி வேறொன்றும் வேண்டார், மலரின் தரம் தாழும்" என்பார் உளர். மருத்துவர் நோயாளியிடம் நோயின் வரலாற்றைக் கேட்கின்றார். மருந்தைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைத் தாமே கொள்கின்றார். தரங்கம்பாடியார் விடைகளைக் கண்டு தாம் சொல்லவந்த செய்தியை விட்டொழித்தாரல்லர். யார்க்குச் சொல்கின்றோம் என்பதை அறிந்து சொன்னார். சுவையை அறிதல் வேறு, சுவைக்கு அடிமையாதல் வேறு.

மலரின் செலவு மாணாக்கர் ஒவ்வொருவரும் செலுத்தும் கட்டணத்தில் அடங்கியது. அவர் தந்த பொருளுக்கு அவர்தம் முகமன்றி வேறொன்றும் அதில் இல்லையெனின் அது நமக்குப் பெருமையன்று. வரும் ஆண்டின் குழுவினர் இதனைச் சிந்திப்பாராக. நண்பர்காள்! இக்கட்டுரையை எவ்விடத்து நிறுத்தினீர் என்பதையும் எமக்கு மறையாது உரைப்பீராக.