மேல்வரம்பு பேசுறவங்க முதல்ல கீழ்வரம்பு பேசட்டும்

எம்பிலிப்பிட்டிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஞாயிறு பின்னேரம் நாங்கள் அங்கே கூடினால், எதில் தொடங்கினாலும் பேச்சு புட்போலில்தான் போய் நிற்கும். சிட்டி, யுனைடெட், மெட்ரிட், பார்சா என்று ஆளுக்கொரு கட்சி. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒன்று: "காசுதான்டா எல்லாத்தையும் கெடுத்திருச்சு. பிளேயர் சம்பளத்துக்கு ஒரு லிமிட்டைப் போட்டா எல்லா டீமும் சமமாயிரும்."

நாங்களும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது சொல்வதில்லை. இறக்குவானை, கொடகவெல, கஹவத்தை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த எங்களில் பலருடைய வீட்டில் இன்றும் யாராவது கொழுந்து பறிக்கிறார்கள், அல்லது பால் வெட்டுகிறார்கள். உழைக்கிறவன் சம்பளத்துக்கு லிமிட் போட்டால் நியாயம் வந்துவிடும் என்ற பேச்சை இவ்வளவு சுலபமாக நம்பக்கூடாதவர்கள் யாராவது இருந்தால், அது நாங்கள்தான்.

முதலில் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வோம். 2017இல் நெய்மார் என்ற ஒரே ஆளுக்காக பாரிஸ் சென்-ஜெர்மெய்ன் 222 மில்லியன் யூரோ கொடுத்தது. ஜெர்மனியில் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 தடவை பயேர்ன் மியூனிக்தான் சாம்பியன். இன்னொரு பக்கம், 1885இல் தொடங்கிய பரி என்ற கழகம் கடனில் மூழ்கி, 2019 ஆகஸ்டில் இங்கிலாந்து லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஆகவே கட்டுப்பாடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடு யாருடைய கையைக் கட்டுகிறது என்றுதான் கேட்கிறோம்.

வீதக் கணக்கு

ஐரோப்பிய கால்பந்துச் சங்கமான யூஃபாவின் இன்றைய விதி இது: ஒரு கழகம் வீரர் சம்பளம், ஆள் மாற்றும் செலவு, ஏஜென்ட் காசு எல்லாம் சேர்த்துத் தன் வருமானத்தில் 70 வீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. 2023இல் 90 வீதத்தில் தொடங்கிப் படிப்படியாக இங்கே கொண்டுவந்தார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023–24இல் ரியல் மெட்ரிட்டின் வருமானம் 1000 மில்லியன் யூரோவைத் தாண்டியது. அதில் 70 வீதம் என்றால் 700 மில்லியனுக்கு மேல். வருமானம் குறைந்த கழகத்துக்கு அதே விதி தருவது அதைவிட மிகக் குறைவு. விதி ஒன்றுதான், வீதமும் ஒன்றுதான். ஆனால் நேற்று யார் பெரியவனோ அவனேதான் நாளைக்கும் பெரியவன். இது கழகங்கள் கடனில் விழாமல் காக்கலாம். ஆனால் அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்காதீர்கள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதுசும் இல்லை. "வருமானத்தைப் பார்த்துத்தான் சம்பளம்" என்பது தோட்டக் கம்பனிகள் நம் வீட்டாரிடம் வருடக்கணக்காகச் சொல்லிவருகிற வசனம். 2024 மே மாதம் நாட்சம்பளம் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. அந்த வருடமே அடிப்படைச் சம்பளம் 1350இல் வந்து நின்றது.

தண்டனையிலும் பெரியவன், சின்னவன் வித்தியாசம் தெரிகிறது. பிரீமியர் லீக்கின் நட்ட வரம்பை மீறியதாக 2023 மார்ச்சில் எவர்டன் மீது குற்றம் சாட்டினார்கள். கழகம் மீறலை ஒப்புக்கொண்டது. நவம்பரிலேயே 10 புள்ளிகள் வெட்டு, மேன்முறையீட்டில் அது 6 ஆனது. அதற்கு ஒரு மாதம் முன்னால், பெப்ரவரியில், மென்செஸ்டர் சிட்டி மீது 100க்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் வைக்கப்பட்டன. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது. அந்த விசாரணை தொடங்கியதே 2024 செப்டெம்பரில்தான். வழக்கு பெரியது, காலம் எடுக்கும் என்பார்கள். சரி. ஆனால் நல்ல லோயர் வைக்கக் காசு உள்ளவனுக்குக் காலமும் கிடைக்கிறது.

துண்டு முறை அங்கேயும் இருந்தது

சம்பள உச்சவரம்பு புது யோசனை இல்லை. 1901இல் இங்கிலாந்தில் ஒரு வீரருக்கு வாரத்துக்கு 4 பவுண்தான் உச்சம் என்று விதி போட்டார்கள். 1948–49 பருவத்தில் 4 கோடிக்கு மேற்பட்டோர் டிக்கட் வாங்கி மெச் பார்த்தார்கள். அப்போதும் வீரருக்கு உச்சம் 12 பவுண். மிச்சக் காசு வீரரிடம் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஒப்பந்தம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் இன்னொரு கழகத்துக்குப் போகலாம் என்ற விதியும் கூடவே இருந்தது. நம்ம தாத்தா பாட்டி காலத்துத் துண்டு முறை ஞாபகம் வருகிறதா? கங்காணியின் கடன் தீர்ந்து துண்டு கிடைத்தால்தான் அடுத்த தோட்டம். இங்கே அந்த முறை 1921இல் ஒழிந்தது. அங்கே ஜிம்மி ஹில் தலைமையில் வீரர் சங்கம் வேலைநிறுத்தம் என்று நின்ற பிறகுதான், 1961 ஜனவரியில், 20 பவுணாக இருந்த உச்சவரம்பு விழுந்தது.

"அந்தக் காலத்தில் போர்ட்ஸ்மவுத்தும் பர்ன்லியும் சாம்பியன் ஆகலையா?" என்று கேட்பீர்கள். ஆனார்கள். ஆனால் உச்சவரம்பு விழுந்த பிறகும் 1962இல் இப்ஸ்விச், 1972இல் டார்பி, 1978இல் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் சாம்பியன் ஆனார்கள். அந்த வருடங்கள் முழுக்க இன்னொரு விதி இருந்தது: லீக் மெச்சில் வாசல் வசூலில் 20 வீதம் விருந்தாளி அணிக்குப் போகும். பெரிய மைதானத்துக்குப் போய் விளையாடினால் சின்னக் கழகத்துக்கும் காசு கிடைக்கும். 1983இல் பெரிய கழகங்களின் அழுத்தத்தில் அது நின்றது. 1992இல் அவை தனி பிரீமியர் லீக் ஆகப் பிரிந்தன. அதன் பிறகு சிறிய ஊர்க் கழகம் பட்டம் வென்ற கதையைச் சொல்ல ஒரு கையின் விரல்களே மிச்சம். இது ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் போட்டியைச் சமமாக வைத்திருந்ததில் சம்பள வரம்பை விடக் காசுப் பங்கீட்டுக்குத்தான் பெரிய பங்கு என்று நினைக்கிறோம்.

பக்கத்து நாட்டுப் பாடம்

இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணி சம்பளத்துக்கு 16.5 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. வீதக் கணக்கு இல்லை, எல்லாருக்கும் ஒரே தொகை. பலனும் இருந்தது: சென்னை, பெங்களூர், மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா என்று கோப்பை ஊர் மாறியது. ஆனால் 2022இல் சாம்பியனான ஹைதராபாத் அணியிலிருந்து இரண்டே பருவத்துக்குள் வீரர்கள் சம்பளப் பாக்கியால் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2025இல் லீக்கின் வணிக ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்த பருவம் நடக்குமா தெரியாது என்ற நிலை வந்ததும், ஆகஸ்டில் பெங்களூர் கழகம் வீரர் சம்பளத்தை நிறுத்தியது. நம்மில் பலரும் ஆதரிக்கிற சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளையே இடைநிறுத்தியது. இதற்கு மேல் கொடுக்காதே என்று விதி இருந்தது. இதற்குக் கீழே கொடுக்காதே, கட்டாயம் கொடு என்ற விதிதான் பலமாக இல்லை.

நம்ம நாட்டில்? 2021இல் 10 கழகங்களோடு சூப்பர் லீக் தொடங்கியது. அவற்றில் டிஃபெண்டர்ஸ் இராணுவத்தின் அணி, சீ ஹோக்ஸ் கடற்படையின் அணி, புளூ ஈகிள்ஸ் விமானப்படையின் அணி. படைவீரராக இருந்து விளையாடுகிறவருக்கு அரசாங்கச் சம்பளம், பிறகு ஓய்வூதியம். நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் மாதிரி ஒரு கழகம் ஒவ்வொரு சதத்தையும் தானே தேட வேண்டும். இங்கே கழகச் செலவுக்கு வரம்பு போட்டால் யார் மாட்டுவார்? படைகளின் சம்பளம் கழகக் கணக்கில் வராது. 2023 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ஃபீஃபா இலங்கையையே இடைநிறுத்தி வைத்தது. அந்த மாதங்களில் விளையாட்டை நம்பிய பையனுக்கு என்ன கீழ்வரம்பு இருந்தது?

எங்கள் தோட்டத்துக் கப்பிலும் ஒரு தடவை இதைச் செய்து பார்த்தோம். கடை முதலாளி ஒருவரின் காசில் ஒரு டீம் டவுனிலிருந்து ஆள் இறக்கியது. "வெளியாள் ரெண்டு பேர்தான்" என்று விதி போட்டோம். அடுத்த மெச்சில் வந்த எல்லாருமே யாரோ ஒருவருக்கு மாமா மகனாக இருந்தார்கள்! எங்கள் பையன்களில் பாதிப் பேர் அன்றும் வெறுங்காலோடுதான் விளையாடினார்கள். அந்த விதியால் ஒருத்தனுக்கும் பூட்ஸ் கிடைக்கவில்லை.

அப்ப என்னதான் செய்வது?

உச்சவரம்பு வேண்டுமென்றால் மூன்று விஷயங்களோடு வரட்டும். ஒன்று, பங்கீடு. ஸ்பெயினில் மெட்ரிட்டும் பார்சலோனாவும் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்றுக் கொழுத்தன. 2015இல் அரசு சட்டம் போட்டுக் கூட்டாக விற்க வைத்த பிறகுதான் மற்றவர்களின் பங்கு கூடியது. இரண்டு, கீழ்வரம்பு. குறைந்தபட்சச் சம்பளமும், கழகம் இழுத்து மூடினாலும் வீரருக்குப் போய்ச் சேரும் வைப்புப் பணமும் வேண்டும். மூன்று, வீரர் சங்கத்தின் கையெழுத்து. அமெரிக்காவின் என்.எஃப்.எல். ஆட்டத்தில் 1994 முதல் கடுமையான உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் தேசியத் தொலைக்காட்சிக் காசு 32 அணிக்கும் சமமாகப் பிரிகிறது. உச்சவரம்பில் கிட்டத்தட்ட 90 வீதத்தை அணிகள் செலவழித்தே ஆக வேண்டும். மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 48 வீதம் வீரர்களுக்கு என்று கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. மாறாக, 2020இல் இங்கிலாந்தின் மூன்றாம், நான்காம் பிரிவுக் கழகங்கள் சங்கத்தின் சம்மதம் இல்லாமல் 2.5 மில்லியன், 1.5 மில்லியன் பவுண் என்று வரம்பு போட்டன. சங்கம் வழக்காடியது. ஆறே மாதத்தில் அந்த வரம்பு செல்லாமல் போனது.

"வாரத்துக்கு லட்சக்கணக்கில் பவுண் வாங்குறவனும் கொழுந்து பறிக்கிற அம்மாவும் ஒண்ணா?" என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். ஒன்றில்லை. ஹாலண்டுக்காக நாங்கள் அழவில்லை. ஹாலண்டுகள் நூற்றில் ஒருத்தர். சம்பளம் வராமல் ஹொஸ்டலைக் காலி செய்கிற பையன்கள்தான் மிச்சப் பேர். ஹாலண்டைக் காட்டிப் போடுகிற வரம்பு இவர்கள் தலையிலும் விழும். அப்படி மிஞ்சுகிற காசு ரசிகனுக்கு டிக்கட் விலையாகக் குறைந்து வராது. அது முதலாளியின் பைக்குத்தான் போகும்.

அடுத்த ஞாயிறு கடையில் யாராவது "லிமிட் போடணும்டா" என்று தொடங்கினால் நாங்கள் கேட்கப்போவது இதுதான்: "யாருக்கு மச்சான் லிமிட்? அந்த மிச்சக் காசு யார் கையில?" இதற்குப் பதில் சொல்லிவிட்டு வரம்பு பேசட்டும். நாங்களும் சேர்ந்து பேசுவோம்.