கண்டியின் மரபுரிமையில் சொல்லப்படாத பங்கு

கண்டி என்றதும் சுற்றுலா விளம்பரங்கள் மூன்று காட்சிகளைக் காட்டும்: தலதா மாளிகை, வாவி, சுற்றிலும் தேயிலை மலைகள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. 2025 ஏப்ரலில், 16 ஆண்டுகளுக்குப் பின்னர் புனித தந்ததாது பொதுமக்களின் வழிபாட்டுக்கு வைக்கப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் இங்கு திரண்டனர். சிங்கள பௌத்தத்தின் கடைசித் தலைநகரம் என்பதே இந்நகருக்கு வழங்கப்படும் அடையாளம். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல.

1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நான்கு மன்னர்களும் மதுரையோடு உறவுடைய நாயக்கர் வழியினர். அவர்களில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், 1753இல் சீயத்துப் பிக்குகளின் துணையுடன் உபசம்பதா மரபை மீட்டெடுத்தார். தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த எசல பெரஹராவில் தந்ததாது இணைந்ததும் அவர் காலத்தில்தான். அந்த நான்கு தேவாலயங்களில் ஒன்று கதிர்காமக் கந்தனுக்கு உரியது. இன்னொன்று பத்தினித் தெய்வமான கண்ணகிக்கு உரியது. வாவியையும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் அமைப்பித்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். இன்றைய தேசியக் கொடியின் சிங்கமும் அவரது கொடியிலிருந்து வந்ததே.

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. பிரதானிகள் சிலரின் கையொப்பங்களில் தமிழ் எழுத்துகளைக் காணலாம். அதே ஒப்பந்தம் 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றிக் கண்டி இராச்சியத்துக்குள் திரும்பி வருவதைத் தடைசெய்தது. மன்னர் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். ஆனால் சில ஆண்டுகளிலேயே கோப்பித் தோட்டங்களுக்காக ஆங்கிலேயர் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவரத் தொடங்கினர். 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலைச் செய்கை தொடங்கியது. அந்த மலைகளைப் பச்சையாக்கியவர்களின் வழிவந்தோரில் பெரும்பாலானோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது.

இதை வைத்து நாயக்க மன்னர்களைத் 'தமிழ் மன்னர்கள்' என்று உரிமை கோருவதும் பிழை. அவர்கள் தெலுங்கு மரபினர், தமிழ் அறிந்தவர்கள், பௌத்தத்தைப் புரந்தவர்கள். இன்றைய இனச் சட்டகம் எதற்குள்ளும் அவர்கள் அடங்கமாட்டார்கள்.

எமக்கு இது வெறும் பழங்கதையல்ல. 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு செங்கல் கிடைத்தாலே காணி யாருடையது என்ற கேள்வி எழுகிறது. கண்டியிலோ, கண்முன் நிற்கும் வாவியைக் கட்டியவரின் பின்புலமே அடிக்குறிப்பாகிவிடுகிறது.

எங்கள் பக்கமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகை மீது விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத்தாக்குதலில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கந்தனும் கண்ணகியும் அருகே குடியிருக்கும் ஒரு வளாகத்தை முற்றிலும் 'அவர்களுடையது' என்று கருதியதன் விளைவும் அதில் உண்டு.

கண்டியின் தகவல் பலகைகளிலும் பாடநூல்களிலும் இந்த முழு வரலாறும் மூன்று மொழிகளிலும் இடம்பெற வேண்டும். அதனால் எவருடைய மரபுரிமையும் குறைந்துவிடாது. கலப்பால் உருவான ஒரு நகரத்தைக் கலப்பாகவே காட்டத் தயங்கும் அரசு, குருந்தூர்மலையிலும் திருகோணமலையிலும் நடுநிலையாக நடக்கும் என்று நாம் எப்படி நம்புவது?