சாதி சொல்லித் திட்டுவது விளையாட்டல்ல, குற்றம்

பள்ளி, கல்லூரிகளில் காவல்துறை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறது. ஹெல்மெட் போடு, போதைப்பொருளைத் தொடாதே, ஓடிபி எண்ணைச் சொல்லாதே என்கிறார்கள். தேவைதான். ஆனால், அதே வளாகத்தில் அன்றாடம் நடக்கும் சாதி வன்கொடுமை பற்றி எத்தனை கூட்டங்களில் வாய் திறக்கிறார்கள்?

வன்கொடுமை என்றதும் கொலை, குடிசை எரிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சட்டம் அவ்வளவோடு நிற்கவில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015 திருத்தமும் சொல்வதைப் பாருங்கள். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிற சாதியினர் பொதுவெளியில் சாதி சொல்லித் திட்டுவது குற்றம். செருப்பணிந்து நடப்பதை, தெருவில் பைக் ஓட்டுவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடாதது குற்றம். எழுத்தாலோ படத்தாலோ அவர்கள் மீது வெறுப்பைத் தூண்டுவதும் குற்றம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் விதிவிலக்கல்ல. இவற்றுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. முகாந்திரம் இருந்தால் முன்ஜாமீன் கிடையாது. ‘சும்மா கிண்டலுக்குச் சொன்னேன் சார்’ என்பது தற்காப்பு வாதம் ஆகாது.

‘சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய சட்டமா?’ என்று கேட்பவர்கள் நாங்குநேரிக்குப் போய்வர வேண்டும். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூலிப்படையினர் அல்லர், அவருடைய பள்ளி மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். பள்ளியில் தனக்கு நடந்த கொடுமையை அவர் வெளியே சொன்னார், அதற்குத்தான் அந்த அரிவாள். ‘சின்ன விஷயம்’ என்று நாம் கடந்துபோனதன் அடுத்த கட்டம் அது.

அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டத் தடை விதிக்கச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பாஜகவினர் அதை எதிர்த்தார்கள். யாருக்காக? கயிறு கட்டிவிடும் சாதிச் சங்கத் தலைவர் போஸ்டரில் சிரித்துக்கொண்டிருப்பார். இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்பது பதினேழு வயதுப் பையன். வெட்டுத் தழும்போடு வாழ்நாள் முழுக்க நடப்பது இன்னொரு பதினேழு வயதுப் பையன்.

‘பொய் வழக்கு போடுகிறார்கள்’ என்ற பழைய பல்லவியும் உண்டு. அந்த வாதத்தை ஏற்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து சட்டத்தை மீட்டது. இந்தப் பாதுகாப்பு போராடிப் பெற்றது, போராடிக் காத்தது.

ஆகவே தோழர்களே, தெரிந்துகொள்ளுங்கள், உடன் படிப்பவர்களுக்கும் சொல்லுங்கள். இச்சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். புகாரை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் பிற சாதி அதிகாரி மீதே வழக்குப் போடலாம். சாட்சிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. வகுப்பில் ஒருவன் இழிவுபடுத்தப்படும்போது சுற்றி நிற்கும் நாற்பது பேரும் சாட்சிகள்தாம். அந்த நாற்பது பேரின் மௌனத்தை நம்பித்தான் சாதிவெறி வகுப்பறைக்குள் நுழைகிறது.