திறவுகோல் எவர் கையில்?

வீடு நம்முடையது, வளவு நம்முடையது, கல் சுமந்து கட்டியவரும் நம்மவரே. ஆயின், கதவின் திறவுகோல் மட்டும் கடல் கடந்த வணிகர் ஒருவரின் மடியிற் கிடக்கின்றது. அவர் விரும்பும்வரை நாம் உள்ளே குடியிருக்கலாம். அவர் "போதும்" என்ற நாளில் மூட்டை முடிச்சோடு வெளியேற வேண்டும். இத்தகைய வீட்டை எவரேனும் தம் சொந்த வீடு என்பரா? ஒருபோதும் என்னார். ஆனால், நம் பள்ளிக்கூடங்களின் கணினி அறைகளையும், பொது அலுவலகங்களின் கோப்புக்களையும், ஏன், நம் மொழியின் எழுத்தையுங்கூட இப்படிப்பட்ட வீட்டிலேதான் குடிவைத்திருக்கின்றோம். குடிவைத்ததோடு நில்லாது, அதற்கு "முன்னேற்றம்" என்று பெயருஞ் சூட்டி மேடைதோறும் முழங்குகின்றோம்!

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி நடந்ததை எண்ணிப் பாருங்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழமையான பாதுகாப்பு அன்றோடு நிறுத்தப்பட்டது. அடுத்த பதிப்புக்கு மாறினால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கென விதிக்கப்பட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகளை அப்பதிப்பு முறைப்படி ஏற்பதில்லை. மேலதிகக் காப்புக்குச் சிறிது காலம் தவணை உண்டென்கிறார்கள். தவணை தவணைதான், அது விடுதலையன்று.

இக்கரையோரத்துப் பள்ளிக்கூடமொன்றின் கணினி அறையை அண்மையிற் பார்த்தோம். 11 கணினிகள் சுவரோரம் அடுக்கப்பட்டு, கழிக்கப்பட வேண்டியவை என்று சீட்டு ஒட்டப்பட்டிருந்தன. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை, மின்சாரம் பாய்ச்சினால் உடனே உயிர்க்கின்றன. பின் ஏன் கழிவு? "புதிய விண்டோஸ் இதில் ஏறாது, சேர்" என்றார் ஆசிரியர். அவர்மேற் குற்றமில்லை. அவருக்கு வேறொரு வழி உண்டென்று எவரும் சொல்லவில்லை. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற 2022ஐ நாம் மறந்துவிட்டோமா? அவ்வாண்டு ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று இந்நாடு உலகின் முன் கைவிரித்தது. அத்தகைய நாட்டில், பழுதில்லாத இயந்திரத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு, டொலர் கொடுத்துப் புதியது வாங்கு என்று சொல்லும் அதிகாரத்தை யார் யாருக்கு அளித்தார்கள்?

வேறு வழி உண்டு. அது புதியதுமன்று, நமக்கு அந்நியமானதுமன்று.

வக்பு என்றால் நம் ஊரிற் சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஒருவர் தம் காணியையோ கிணற்றையோ இறைவன் பேரால் ஒப்படைத்துவிட்டால், பின்னர் அதனை விற்கலாகாது. வாரிசுகள் பங்கு போடலாகாது. அதன் பயன் மட்டும் எல்லோருக்கும் ஓடிக்கொண்டேயிருக்கும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம், 1989இல் வெளியிட்ட குனூ பொது உரிமத்தின் வாயிலாக நிரல்களுக்குச் செய்தது ஏறத்தாழ இதுவே. நிரலை எக்காரியத்துக்கும் இயக்கலாம். அதன் மூலநிரலைத் திறந்து படிக்கலாம். பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். தேவைக்கேற்பத் திருத்தி, திருத்தியதையும் வெளியிடலாம். நிபந்தனை ஒன்றே: திருத்தி வெளியிடுபவர் தாம் பெற்ற அதே உரிமையைப் பிறருக்கும் விட்டுவைக்க வேண்டும். பொதுக் கிணற்றில் எவரும் நீர் அள்ளலாம். எவரும் வேலி அடைக்கலாகாது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இவ்வுரிமத்தின் கீழேதான் வளர்ந்தது. எல்லாத் திறந்த மூல மென்பொருள்களும் இதே நிபந்தனையை விதிப்பதில்லை. ஆயினும் மூலநிரல் மறைக்கப்படாது என்பது அனைத்துக்கும் பொது. சுவரோரம் அடுக்கப்பட்ட அந்த 11 கணினிகளுக்கும் உயிர் கொடுக்கவல்ல இலேசான லினக்ஸ் பதிப்புக்கள் இன்று காசின்றிக் கிடைக்கின்றன.

இனி, நம் நெஞ்சைச் சுடும் ஒரு வரலாற்றைச் சொல்வோம்.

2004 டிசம்பர் 26. அந்நாளை இக்கரைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இலங்கையில் மாண்ட 30,000க்கு மேற்பட்டோரில் 10,000க்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊர் ஊராக உறவைத் தேடி அலைந்தோம். யார் எந்த முகாமில் என்பதை அறிய வழியில்லை. எந்த முகாமுக்கு எது தேவை என்பதைச் சொல்ல ஒழுங்கில்லை. ஒரு முகாமில் உடை மலையாகக் குவிந்தது. மறு முகாமிற் குடிநீர் இல்லை. அந்த நாட்களிலேதான் கொழும்பிலிருந்த இலங்கை நிரலாளர் குழுவொன்று, லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷனின் துணையோடு, இரவு பகல் பாராது ஒரு மென்பொருளை எழுதியது. காணாமற் போனோர் பதிவு, முகாம்கள் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு ஆகியவை அதில் அடங்கின. அதற்கு அவர்கள் இட்ட பெயர் "சஹன". சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அவர்கள் அதனைப் பெட்டியிற் பூட்டவில்லை. திறந்த மூலமாக உலகின் முன் வைத்தார்கள். 2005 ஒக்டோபரிற் பாகிஸ்தானை நிலநடுக்கம் குலைத்தபோது அங்கே அது பயன்பட்டது. 2006இல் பிலிப்பீன்சின் மண்சரிவிலும், இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. எவரும் எவரிடமும் கையேந்தவில்லை, விலை பேசவில்லை, எடுத்தார்கள், தம் மொழிக்கும் தேவைக்கும் ஏற்பத் திருத்தினார்கள், உயிர்களுக்கு உதவினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹனவுக்கே வழங்கியது.

மாண்டவர் நம்மவர், எழுதியவர் கொழும்பினர், பயன்பெற்றவர் உலகத்தார், பெயரைக்கூட அறியாதவர் நாம்! ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் நினைவு கூர்கின்றோமே, அக்கூட்டங்களில் எத்தனை மாணவருக்கு இக்கதையைச் சொன்னோம்? எழுதியவரைக் குறை கூறவில்லை. அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. மூலநிரல் திறந்தே கிடந்தது. அதைத் திறந்து பார்க்கும் கண்தான் நம்மிடம் இல்லாமற் போயிற்று.

மொழியைப் பற்றிப் பேசுவோம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. எத்தனையோ போராட்டங்களின் பின் 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் ஏறியது. சட்டத்தில் ஏறிய மொழி இயந்திரத்தில் ஏறியதா? பல்லாண்டுகள் நாம் பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதினோம். திரையிலே அழகிய தமிழ். உள்ளேயோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியல்! அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், நம் பெயரை நம்மாலேயே வாசிக்க இயலாது; ஆயிரம் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. யுனிகோட் என்னும் பொது நியமத்தில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் எஸ்.எல்.எஸ். 1326 என்று கணினித் தமிழுக்கு நியமம் வகுத்தது. இருந்தும் இன்றுவரை பாமினியில் ஆவணம் தயாரிப்போர் நம்மிடையே உண்டு. பெரு நிறுவனங்களின் தயவை எதிர்பாராது, எ-கலப்பை போன்ற தட்டச்சு நிரல்களை எழுதி இலவசமாக வழங்கியவர்கள் தமிழ்த் தன்னார்வலர்களே. உழுவதற்குக் கலப்பை கொடுத்தார்கள். நாமோ வயலைத் தரிசாக விட்டோம்.

நம் முன்னோர் இப்படியா இருந்தார்கள்? அரபு எழுத்திலே தமிழை எழுத நினைத்தார்கள். தமிழின் ஒலிகள் சிலவற்றுக்கு அரபு எழுத்துக்கள் போதவில்லை. போதாதென்று கைகட்டி நின்றார்களா? இருந்த எழுத்துக்குப் புள்ளியிட்டார்கள், குறி சேர்த்தார்கள், புதிய எழுத்தே செய்துகொண்டார்கள். அவ்வாறு பிறந்ததுதான் அரபுத் தமிழ். எவருடைய உரிமமும் கேட்கவில்லை. செய்த திருத்தத்தை எவருக்கும் மறைக்கவுமில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானங் கற்றவர். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியாதென்று அயர்ந்து விடாமல், 1930களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். கருவி போதாதெனின் கருவியைத் திருத்து என்பதே இம்மண்ணின் மரபு. "வாங்கியதை அப்படியே வைத்துக்கொள், உள்ளே பார்க்காதே" என்பது கடைக்காரரின் மரபு.

எதிர்வாதங் கூறுவோர் உளர். அவர்களுக்கும் விடை கூறுவோம்.

"காசில்லாப் பண்டம் தரமில்லாப் பண்டம்" என்கின்றனர். உலகின் அதிவேகக் கணினிகள் 500இன் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்சில் இயங்குகின்றன. கரைவலை இழுக்கும் மீனவரின் சட்டைப் பையிலுள்ள அன்ட்ரொயிட் தொலைபேசியின் கருவும் லினக்ஸே. தரமில்லாததையா உலகம் தலையில் வைத்திருக்கின்றது?

"திறந்த வீட்டிற் கள்வன் புகுவான்" என்கின்றனர். 2024 மார்ச்சில் எக்ஸ்-செட் என்னும் சிறு நிரலில், நல்லவர் போல் நடித்துப் புகுந்த ஒருவர் கள்ளவாசல் வைத்தது உண்மையே. அரை விநாடித் தாமதத்தைக் கவனித்த அன்ட்ரெஸ் பிரொயின்ட் என்னும் பொறியியலாளர் நிரலைத் தோண்டிப் பார்த்து அதனை அம்பலப்படுத்தினார். தோண்ட முடிந்தது எதனால்? திறந்திருந்ததனால். அதே ஆண்டு ஜூலை 19இல், பூட்டிய மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன, விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திண்டாடின. பூட்டு நம்மைக் காத்ததா?

"இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?" என்கின்றனர். உயர்தர வகுப்பில் நம் பிள்ளைகள் கற்கும் பைதன் மொழியே திறந்த மூலந்தான். 2005இல் கொழும்பிலே தொடங்கி உலகெங்கும் வணிகஞ் செய்யும் டபிள்யு-எஸ்-ஓ-டூ நிறுவனம் திறந்த மூலத்தின் மேலேயே எழுந்தது. கூகிளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் முன்னணியில் நின்றது. மொறட்டுவை மாணவருக்கு இரண்டு மூளையா? ஒலுவில் மாணவருக்கு ஒன்றுமில்லையா?

இன்னுஞ் சிலர் குறுஞ்சிரிப்போடு, "விண்டோஸும் எங்களுக்கு இலவசந்தான், கடைக்காரத் தம்பி போட்டுத் தருவார்" என்கின்றனர். உண்ணும் பண்டத்தில் ஹலால் தேடும் சமூகம், உழைக்கும் கருவியில் திருட்டுப் பிரதியை ஏற்பது எந்த நியாயம்? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றம். மார்க்கத்துக்கும் அடாதது, சட்டத்துக்கும் அடாதது. இவ்விரண்டையும் விடப் பெரிய கேடு ஒன்றுண்டு: திருடிய பெட்டியும் பூட்டிய பெட்டியே. உள்ளே என்ன நடக்கின்றதென்று அதுவும் காட்டாது.

ஓர் இடர்ப்பாட்டை மட்டும் மறைக்காமல் ஒப்புக்கொள்கின்றோம். காசு வேண்டாமே ஒழிய, கருத்தும் உழைப்பும் வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் மாநகரசபை ஏறத்தாழ 15,000 கணினிகளைப் படிப்படியாக லினக்சுக்கு மாற்றி 2013இல் வேலையை முடித்தது. 2017இல் ஆட்சியாளர் மனம் மாறி விண்டோசுக்கே திரும்ப முடிவு செய்தனர். கேரளத்துப் பள்ளிக்கூடங்களோ கட்டற்ற மென்பொருளிலே ஊன்றி நின்றன. காரணம், ஆசிரியர்களைப் பயிற்றினார்கள், தம் பாடத்துக்கேற்பத் தாமே இயங்குதளத்தை அமைத்தார்கள். நிரல் நிற்பதும் விழுவதும் மனிதரால்.

மேலும், எக்ஸ்-செட் கதையிலே நமக்கொரு குட்டு இருக்கின்றது. உலகமே பயன்படுத்திய அந்நிரலைப் பராமரித்தவர் பல்லாண்டுகளாகக் களைத்துப் போன ஒரே ஒரு தன்னார்வலர். கிணற்றில் அள்ளுவோர் கோடி. தூர் வாருவோர் ஒருவர்! நாமும் அள்ளுவோர் வரிசையிலேதான் நிற்கின்றோம். சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டுகின்றோம். கணினி படித்த மாப்பிள்ளைக்கு விலை பேசுகின்றோம். ஆனால் உலகின் பொது நிரலுக்கு நாம் எழுதிய வரி எது? தமிழாக்கிய சொல் எது? சுட்டிக்காட்டிய வழு எது? பயன்தரும் கல்வி ஒருவர் மறைந்த பின்னும் நன்மை சேர்க்கும் என்று நம்பும் நாம், அந்நன்மையைச் சம்பாதிக்கும் வாசல் திறந்திருந்தும் வெளியே நிற்கலாமா?

ஆகவே கேட்கின்றோம். பழைய கணினிகளை ஏலத்துக்கு அனுப்புமுன், லினக்சை ஏற்றிப் பாருங்கள், அதிபர்களே! மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் முயற்சியால் உருவான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், தன் மாணவர் எழுதும் நிரல்களைத் தமிழ் விளக்கத்தோடு திறந்து வெளியிடட்டும். விடுமுறைதோறும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்கட்டும். பொது அலுவலகங்கள் பாமினியைக் கைவிட்டு யுனிகோடில் எழுதட்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்படும் ஒவ்வொரு நிரலின் மூலமும் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை, வாக்குக் கேட்டு வருவோரிடம் நிபந்தனையாக விதியுங்கள். அடுத்த டிசம்பர் 26இல், துஆவோடு சேர்த்து, சஹனவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இவற்றில் எதற்கும் கொழும்பின் கருணை வேண்டியதில்லை. அமெரிக்காவின் அனுமதியும் வேண்டியதில்லை. பூட்டிய கதவின் முன் காத்திருந்தது போதும். பக்கத்தில் ஒரு கதவு திறந்தே கிடக்கின்றது. திறந்த கதவுக்குத் திறவுகோல் எதற்கு? எழுந்து நடக்கும் கால்களே வேண்டும்!