அடுப்பின் சுத்தமும் ஆசாரத்தின் அசுத்தமும்

நமது நாட்டில் சுத்தம் என்னும் வார்த்தைக்கு இரண்டு அர்த்தங்கள் இருந்து வருகின்றன. ஒன்று, அழுக்கு இல்லாமல் இருப்பது. மற்றொன்று, இன்னார் தொடாமல் இருப்பது. முன்னது கண்ணுக்குத் தெரியும். உடம்புக்கு நன்மை செய்யும். பின்னது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது; மனிதனை மனிதன் இழிவுபடுத்துவதற்கு மாத்திரமே பயன்படும். இவ்விரண்டில் எதை நம் மக்கள் உயிராய்ப் பிடித்துக் கொண்டிருக்கின்றார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேதத்தையும் சாஸ்திரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. ஒரு வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாலே போதும்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் அடுப்புக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கோலம் போடுகின்றார்கள். மண் அடுப்புக்குச் செய்து வந்த இந்தச் சடங்கை இப்போது காஸ் அடுப்புக்கும் செய்கின்றார்கள். கேட்டால் அது அக்கினி பகவான் வசிக்கும் இடமாம்! ஆனால் அதே அடுப்பின் பர்னரைக் கழற்றிப் பார்த்தால், என்றோ பொங்கி வழிந்த பால் காய்ந்து துவாரங்களை அடைத்துக் கொண்டிருக்கும். தட்டின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கும், அதில் கரப்பான் பூச்சியும் குடியிருக்கும். பகவானுக்குப் பொட்டு வைத்தவர்கள் அவர் மூச்சு விடுவதற்கு வழி வைக்கவில்லை.

இதன் பலன் என்ன? காஸ், காற்றோடு சரியாய்க் கலந்து எரிந்தால் ஜுவாலை நீல நிறமாய் இருக்கும். அழுக்கு அடைத்துக் கொண்டு காற்று போதாமற் போனால் மஞ்சளாய் எரியும், பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், காஸ் வீணாகும், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவும் கிளம்பும். இதற்குப் பரிகாரம் சொல்ல எந்தப் புரோகிதனும் வேண்டியதில்லை. அடுப்பு ஆறின பிறகு ரெகுலேட்டரை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றிச் சோப்புப் போட்ட வெந்நீரில் ஊற வைத்து, பிரஷினால் தேய்த்து, துவாரங்களை ஊசியால் குத்திவிட்டு, நன்றாய் உலர்த்தி மாட்டினால் தீர்ந்தது. இதற்கு ராகு காலமும் இல்லை, எமகண்டமும் இல்லை, தட்சணையும் இல்லை. அதனால்தான் போலும், எந்தச் சாஸ்திரமும் இதைச் சொல்லவில்லை!

நிற்க, மண் அடுப்பைச் சாணியால் மெழுகுகின்றார்களே, அது சுத்தமல்லவா என்று கேட்பார்கள். மண் தரையில் தூசி கிளம்பாமல் இருக்க அது ஓரளவு பயன்படலாம். ஆனால் சாணி என்பது ஒரு மிருகத்தின் மலம் என்பதை யாராவது மறுக்க முடியுமா? அதில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும், ரண ஜன்னி என்னும் டெட்டனஸ் நோயின் விதைகளும் இருக்கக் கூடும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகின்றது. அதைச் சோறு பொங்குகின்ற இடத்தில் பூசினால் பரிசுத்தமாம்! மனிதனாய்ப் பிறந்த ஒருவன் குளித்து முழுகிச் சோப்புப் போட்டுக் கழுவின கையால் அந்த அடுப்பைத் தொட்டால் தீட்டாம்! மாட்டின் மலத்துக்கு இருக்கின்ற யோக்கியதை மனிதனின் கைக்கு இல்லையென்றால், இந்த ஆசாரத்தை ஏற்படுத்தினவன் மனிதனை மாட்டுக்கும் கீழாய் வைத்தான் என்பதல்லாமல் வேறு என்ன அர்த்தம் என்று கேட்கின்றோம்.

இது பழங்கதை என்று சிலர் தட்டிக் கழிக்கலாம். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று கிளம்பிய சண்டை 1925ஐ ஒட்டி நடந்தது என்பது வாஸ்தவம்தான். ஆனால் 2018ஆம் வருஷத்தில் திருப்பூர் ஜில்லாவில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நடந்தது என்ன? தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஓர் அம்மையார் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஜாதி இந்துக்கள் தடுத்தார்கள். உடனே அந்த அம்மையாரை வேறு இடத்துக்கு மாற்ற உத்தரவு பிறந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது ரத்தாயிற்று. அவர் அடுப்பைச் சுத்தமாய் வைத்திருந்தாரா, அரிசியைக் களைந்து போட்டாரா என்று தடுத்தவர்களில் யாராவது கேட்டார்களா? அவர்களுக்கு வேண்டியது பிள்ளைகளின் வயிறல்ல, ஜாதியின் கௌரவமே.

இனி அடுப்பின் முன் நிற்கும் பெண்களின் கதியைப் பார்ப்போம். விறகு, வரட்டி முதலியவற்றின் புகையினால் வீட்டுக்குள் கெட்டுப் போகும் காற்று, 2020ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேரின் சாவுக்குக் காரணமாயிற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கின்றது. அந்தப் புகையில் அதிகம் வேகின்றவர்கள் பெண்களும், அவர்களது இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான். மாதத்தில் 27 நாள் கண்ணெரிய ஊதி ஊதிச் சமைப்பவள் பாக்கி 3 நாளைக்குத் தீட்டானவளாம்! அது அவளுக்கு ஓய்வு கொடுக்க ஏற்பட்ட வழக்கம் என்று சில பண்டிதர்கள் வியாக்கியானம் செய்கின்றார்கள். ஓய்வானால் ஓய்வு என்றே சொல்லிக் கொடுப்பதுதானே? இழிவென்று சொல்லிக் கொடுப்பானேன்?

மற்றவர்களைச் சொல்லுவானேன்? நம்மவர்களையும் கேட்க வேண்டியிருக்கின்றது. 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தோம். 60 வருஷம் கழித்து 1989இல் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது. ஆனால், மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே காப்பி கேட்கின்ற தோழர்கள் நம்மில் இல்லையா? அடுப்பில் வெந்ததைத் தின்னத் தெரிந்த ஆண்பிள்ளைக்கு அந்த அடுப்பைத் துடைக்க மாத்திரம் கை கூசுவானேன்? மேல் ஜாதிக்காரன் ஒரு வேலையை இழிவென்று தள்ளி அதைக் கீழ் ஜாதிக்காரன் தலையில் கட்டியது எப்படியோ, அப்படியே ஆண் பெண்ணின் தலையில் கட்டியிருக்கின்றான். முன்னதைக் கண்டு கொதிக்கின்ற நாம் பின்னதில் சுகமாய்க் குளிர் காய்வது சுயமரியாதை ஆகாது.

ஆகவே தோழர்களே! அடுப்புக்குப் பொட்டு வைப்பதை நிறுத்திப் பர்னரைக் கழுவுங்கள். விறகு அடுப்பானால் தினம் சாம்பலை அள்ளுங்கள். புகைபோக்கி வைத்து அதில் படியும் கரியை அடிக்கடி தட்டுங்கள். அந்த வேலையை ஆண்களும் செய்யுங்கள். யார் தொட்டால் தீட்டு என்று கேட்பதை விட்டு, எது அழுக்கு என்று கேட்கப் பழகுங்கள். அப்படிக் கேட்கின்ற நாளில், அடுப்பின் கரியோடு ஜாதியின் கரியும் இந்த நாட்டை விட்டுக் கழுவப்படும் என்பது நமது உறுதியான அபிப்பிராயமாகும்.